தம்பி காரா, அண்ணன் காரா: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடித்தளம் ஒன்று, எஞ்சின் ஒன்று. ஆனால் ஒன்று தாழ்வான சின்ன ஹேட்ச்பேக். இன்னொன்று அதையே உயர்த்தி, பின்சீட்டில் தாராளம் காட்டி, 'குடும்பங்களுக்கானது' என்று விற்கப்படும் வடிவம். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபுக்கு ஸ்போர்ட்ஸ்வேன், மெர்சிடிஸ் ஏ கிளாஸுக்கு பி கிளாஸ், ஃபோர்டு ஃபோகஸுக்கு சி-மேக்ஸ் என்று பல நிறுவனங்கள் இப்படி ஜோடி ஜோடியாக விற்றிருக்கின்றன. சிலவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டாலும் பழைய கார் வாங்குபவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் உண்டு. வசதிக்காக இவற்றைத் தம்பி, அண்ணன் என்றே அழைக்கிறேன்.

முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது. "பிள்ளைகள் வந்தாச்சு, பெரிசாவே வாங்கிடுவோம்" என்று முடிவு செய்துவிட்டுத்தான் பலரும் ஷோரூமுக்கே போகிறார்கள். பெரிது என்றால் எந்தப் பக்கம் பெரிது? அதை யாரும் கேட்பதில்லை.

ஏழாம் தலைமுறை கோல்ஃபையும் அதன் ஸ்போர்ட்ஸ்வேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோல்ஃபின் உயரம் 1,452 மில்லிமீட்டர், ஸ்போர்ட்ஸ்வேனுக்கு 1,578. அரைச் சாணுக்கு மேல் கூடியிருக்கிறது. நீளம் 4,255-இலிருந்து 4,338 ஆகிறது. சரி, அகலம்? 1,799-இலிருந்து 1,807. வெறும் 8 மில்லிமீட்டர்! அண்ணன் என்று சொன்னாலும் தோளகலம் தம்பியுடையதுதான்.

இது தெரியாமல், பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கியடிக்கிறார்களே என்பதற்காக அண்ணனை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தலைக்கு மேல் காற்றாட இடம் கிடைத்தது, முழங்கால் கொஞ்சம் மூச்சுவிட்டது. நடுவில் உட்கார்ந்தவரின் நிலை அப்படியேதான். மூன்று குழந்தை இருக்கைகளை வரிசையாக வைக்க வேண்டிய வீடு என்றால் இந்த ஜோடியில் இரண்டுமே பெரும்பாலும் கைகொடுக்காது. குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் பல கார்களில் பின்சீட்டின் இரு ஓரங்களுக்கு மட்டும்தான் இருக்கும். ஆகவே குழந்தை இருக்கைகளைக் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். குறிப்பாக, பின்னோக்கிப் பார்த்த இருக்கை. ஐ-சைஸ் என்ற ஐரோப்பியக் குழந்தை இருக்கை விதிப்படி குழந்தைக்கு 15 மாதம் தாண்டும்வரை அதில்தான் உட்கார வைக்க வேண்டும். அதற்கு நீளம் நிறைய வேண்டும். அதை மாட்டியபின் முன்சீட்டில் வளர்ந்த ஆள் கால் நீட்டி உட்கார முடிகிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது டிக்கி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விளம்பரத் தாளின் சாமர்த்தியம் அத்தனையும் இங்கேதான். கோல்ஃபுக்கு 380 லிட்டர். ஸ்போர்ட்ஸ்வேனுக்கு 500 முதல் 590 வரை. 'முதல், வரை' என்று ஏன் வருகிறது? அதன் பின்சீட் 18 சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகரும். முழுக்கப் பின்னால் தள்ளினால் கால் வைக்கத் தாராளம், டிக்கி 500. முழுக்க முன்னால் இழுத்தால் டிக்கி 590, பின்னால் இருப்பவரின் முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். அந்தக் கால் இடமும் அந்த 590 லிட்டரும் ஒரே பயணத்தில் ஒருநாளும் கிடைக்காது. விற்பவர் ஒன்றைக் காட்டிவிட்டு மற்றொன்றைச் சொல்வார். பொய் என்று சொல்ல முடியாது. இரண்டும் உண்மை, ஆனால் வேறு வேறு நேரத்தில்.

இன்னொன்று, லிட்டர் கணக்கே ஒரு சங்கதி. ஐரோப்பாவில் வழக்கமான முறையில் 200, 100, 50 மில்லிமீட்டர் அளவுள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுகிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். அவ்வளவு சின்னக் கட்டை மூலை முடுக்கெல்லாம் புகுந்துவிடும், உங்கள் பெட்டி புகாது. சில நிறுவனங்கள் தரைப்பலகைக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. ஸ்டெப்னியும் சேர்த்து வாங்கினால் அது அந்தப் பள்ளத்தை அடைத்துவிடும். அதனால் தாளில் உள்ள எண்ணை நம்பாமல், குழந்தையின் தள்ளுவண்டியையும் வழக்கமாகக் கொண்டுபோகும் பெரிய பெட்டியையும் தூக்கிக்கொண்டே போங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. டிக்கியின் விளிம்பு எவ்வளவு உயரம், சீட்டை மடக்கினால் தரை சமமாகிறதா படி விழுகிறதா, கதவைத் திறந்துவிட்டால் வீட்டில் உயரம் குறைந்தவருக்கு அதை இழுத்து மூடக் கை எட்டுகிறதா, எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

இடம் இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போவது அடுத்த தவறு. ஏற்றக்கூடிய எடை என்பது அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் காரின் சொந்த எடை போக மிஞ்சுவது. உயரமான காரின் உடம்பே கொஞ்சம் கனம் என்பதால், இடம் கூடிய அளவுக்கு இது கூடியிருக்கும் என்று நினைக்க முடியாது. 450 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 75 கிலோ என்றால் ஐந்து பேருக்கே 375 போய்விட்டது. மிச்சம் 75 கிலோவில்தான் சாமானெல்லாம். ஓட்டுநரின் 75 கிலோவைக் காரின் சொந்த எடையிலேயே சேர்த்துவிடும் வழக்கமும் உண்டு, ஆகவே எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழுச் சுமைக்கு டயர் காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவருகிலோ எரிபொருள் மூடியின் உட்புறமோ ஒட்டியிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை.

மைலேஜ் பற்றி ஒரே வார்த்தை: எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 50-இல் இருப்பதைப்போல் 100-இல் நான்கு மடங்கு. ஊருக்குள் உருளும் காருக்கு உயரத்தால் பெரிய நஷ்டமில்லை. தினமும் நெடுஞ்சாலை என்றால் டேங்க் நிரப்பும்போது தெரியும். பக்கக் காற்று வீசும்போதும்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் தம்பி கட்சி என்று நினைக்க வேண்டாம். முட்டிவலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் நான் யோசிக்காமல் அண்ணனைத்தான் சொல்வேன். தாழ்வான காரில் உள்ளே விழுந்து, வெளியே எழுந்திருக்க வேண்டும். உயரமான சீட்டில் அப்படியே நகர்ந்து உட்காரலாம். குழந்தைக்குக் குனிந்து குனிந்து பெல்ட் மாட்டுபவரின் இடுப்புக்கும் அது நிம்மதி. என் கணக்கில் அண்ணனின் உண்மையான பெருமை இதுதான், டிக்கி இல்லை.

டிக்கிதான் தேவை என்றால் இந்த வீட்டில் மூன்றாவது பிள்ளையும் இருக்கலாம், அதை மறந்துவிடாதீர்கள்: தம்பியின் கூரையையும் டிக்கியையும் பின்னால் நீட்டிய எஸ்டேட். அதே கோல்ஃபின் எஸ்டேட்டில் பின்சீட்டைத் தொடாமலேயே 605 லிட்டர் உண்டு. நிறுத்த நீளமான இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், டெஸ்ட் டிரைவில் கவனிக்க ஒன்று. இவ்வகை உயரமான கார்கள் பலவற்றில் முன்கண்ணாடி சரிந்து முன்னால் தள்ளியிருக்கும், ஓரத்தில் தூண் தடிமனாக நிற்கும், சிலவற்றில் அந்தத் தூண் இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு குட்டி ஜன்னல்கூட இருக்கும். நேரான சாலையில் ஓட்டினால் இது தெரியாது. சந்திப்பில் திரும்பிப் பாருங்கள், நடந்து வருபவர் அந்தத் தூணுக்குப் பின்னால் முழுசாக மறைந்துபோகிறாரா என்று. வீட்டில் யார் யார் ஓட்டப்போகிறார்களோ, அத்தனை பேரும் தங்கள் உயரத்துக்குச் சீட்டை வைத்துக்கொண்டு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.