சின்னப் பிள்ளையோடு கொழும்பில் அரைநாள் சுற்றிவருவது எப்படி?

மூன்று நான்கு வயதுப் பிள்ளையோடு முழு நாளும் வீட்டில் இருக்கிற அம்மாமாருக்குத்தான் இது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து ஃபிளட் வாழ்க்கை தெரியும்தானே? முற்றம் இல்லை, பல்கனி முழுக்க உடுப்புக் காயும், பிள்ளை சோபாவில் ஏறிக் குதித்துக் களைத்து ஒன்பது மணிக்கே கார்ட்டூன் கேட்கத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிழமை நாளில் நீங்களே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடலாம், காரும் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. பிள்ளைக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு உங்களுக்கும் நல்லது, அதைச் சொல்ல யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

ஒரு தடவைக்கு ஒரு இடம் மட்டும். மியூசியம் பார்த்து, பார்க்கில் விளையாடி, அப்படியே காலிமுகத்துக்கும் போய்வரலாம் என்று திட்டம் போட்டால் இரண்டாவது இடத்திலேயே பிள்ளை நித்திரையாகிவிடும், பிறகு 15 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். பிள்ளைக்குப் போகிற வழியே பாதி விளையாட்டு.

நேரம் முக்கியம். எட்டரை வரை பள்ளிக்கூடச் சனமும் ஒஃபிஸ் சனமும் ரோட்டை நிரப்பும். அது குறைந்த பிறகு வெளிக்கிட்டு, பதினொன்றரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெயில் சின்னப் பிள்ளைக்குத் தாங்காது, ஒன்றரைக்குப் பள்ளிக்கூடங்கள் விட்டதும் காலி வீதி நகராது. மூத்த பிள்ளை வேனில் வந்து இறங்கும்போது நீங்கள் வீட்டில் இருக்கவும் வேண்டும்.

அப்போ சமையல்? முதல் நாள் இரவே மீனைக் கழுவி உப்பு, மஞ்சள், தூள் பிரட்டி வைத்துவிடுங்கள். காலையில் பருப்பை மட்டும் காய்ச்சி இறக்கிவிட்டு, அரிசியைக் கழுவி வைத்துவிட்டுப் போனால் போதும். வந்தவுடன் தண்ணீர் விட்டு ரைஸ் குக்கரைப் போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டி முடிய சோறு தயார், மீனைப் பொரிக்கப் பத்து நிமிடம் போதும். அன்றைக்கு ஒரு மரக்கறி குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

பையில் கனக்க அடைக்காதீர்கள். தண்ணிப் போத்தல், பட்டரும் சீனியும் பூசிய பாண் துண்டு, கதலி வாழைப்பழம், மாற்றுடுப்பு ஒரு சோடி, ஒரு பழைய பருத்திச் சாரம். இந்தச் சாரத்தை மட்டும் மறக்காதீர்கள். புல்லில் விரித்தால் பாய், தலைக்கு மேல் பிடித்தால் நிழல், கடல் தண்ணீரில் நனைந்த பிள்ளைக்குத் துவாய், நடு ரோட்டில் உடுப்பு மாற்ற வேண்டிவந்தால் மறைப்பு. கைக்குழந்தையும் கூட இருந்தால் பால் கொடுக்கிறபோது தோளில் சுற்றிக்கொள்ளலாம். நன்றாகத் துவைத்துத் துவைத்து மெல்லிசாகிப்போன சாரமாகப் பார்த்து எடுங்கள், மடித்தால் உள்ளங்கை அளவுதான் வரும், நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது ரயில். காலையில் எல்லாச் சனமும் கோட்டைப் பக்கம் போகும், நீங்கள் எதிர்ப்பக்கம் கல்கிசைக்குப் போங்கள். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை, அதற்கடுத்தது கல்கிசை, அவ்வளவுதான் தூரம். பெட்டியின் வலது பக்கம் உட்கார்ந்தால் கடல். ரயில் வெளிக்கிட்டதும் கற்களில் அலை அடிக்கிறது ஜன்னலுக்கு நேர் கீழேயே தெரியும், கடும் காற்று நாளில் முகத்தில் தூவானமும் படும். டிக்கட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள், இறங்கும் வரை அதைப் பத்திரமாகப் பிடித்திருப்பதுதான் அதன் வேலை. காலி, மாத்தறைக்குப் போகிற வேக ரயில்கள் நடுவில் பல ஸ்டேஷன்களில் நிற்காது, அதனால் டிக்கட் எடுக்கும்போதே எது நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக் கதவுகள் ஓடும்போதும் திறந்துதான் இருக்கும், வாசலில் நிற்கவே கூடாது. தண்டவாளத்தில் நடந்து போகிற ஆட்களைப் பார்த்து நாங்களும் அப்படிக் குறுக்கே போவோம் என்று நினைக்கவும் வேண்டாம். கல்கிசையில் இறங்கினால் மணல் கிட்டத்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்களில் கால் நனைக்கிறதோடு சரி.

மழை வரும்போல் இருக்கிற நாளுக்குத் தேசிய நூதனசாலை. 1877இல் திறந்த கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம், பிள்ளைக்கு அந்த மரமே போதும். உள்ளே எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். கண்டி மன்னர்களின் சிம்மாசனத்தைக் காட்டுங்கள், அப்புறம் காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது, 1409ஆம் ஆண்டுத் திகதி இருக்கிறது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. தமிழில் விஷ்ணுவுக்கும் சீனத்தில் புத்தருக்கும் பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. இவ்வளவு பெருமையுள்ள கல்லை 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்த நிலையில்தான் கண்டெடுத்தார்கள். எழுத்துப் படிக்கத் தொடங்கிய பிள்ளையென்றால் தமிழ்ப் பகுதியில் தெரிந்த எழுத்து ஏதும் இருக்கிறதா என்று தேடவிடுங்கள். தேய்ந்துபோன கல், எழுத்தும் பழையது, அதனால் உடனே பிடிபடாது, ஆனால் தேடுகிற சந்தோஷமே தனி. விகாரமகாதேவி பூங்கா பக்கத்தில்தான், அதை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

காலிமுகத்திடலில் நிழல் இல்லை, அதனால் அதற்கு மட்டும் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போங்கள். பட்டம் விற்பார்கள், இறால் வடை பொரிக்கிற மணம் வரும். அங்கே நடைபாதையோரக் கல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். 1859இல் இந்த நடைபாதையை முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின்னால் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டதாக அதில் பொறித்திருக்கிறது. பின்னேரத்தில் பிள்ளையோடு அங்கே போய் உட்கார உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் அந்தக் கல்லைக் காட்டலாம்.

100, 101 பஸ் இரண்டும் காலி வீதியால் காலிமுகத்தைக் கடந்து புறக்கோட்டைக்குப் போகும். பிள்ளையோடு ஏறும்போது "பொடி பபெக் இன்னவா" (சின்னப் பிள்ளை ஒன்று இருக்கிறது) என்று கொண்டக்டரிடம் சிங்களத்தில் சத்தமாகச் சொல்லுங்கள், டிரைவர் கொஞ்சம் பொறுத்து எடுப்பார், அநேகமாக யாராவது எழும்பி இடமும் தருவார்கள். சிங்களம் அவ்வளவாக வராது என்று தயங்குகிற தங்கச்சிமாருக்கு இந்த ஒரு வசனமே பெரிய துணை. மாற்றின காசு கையில் இருக்கட்டும், மிச்சக் காசுக்காகப் பிள்ளையின் கையை விட வேண்டிவரக்கூடாது.

எங்கேயும் போக ஏலாத நாளும் வரும். அன்றைக்கு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலம் வரை நடந்தால் போதும். கொக்கு நிற்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு நீந்திப் போகும். 2018இல் ஈரநிலங்களைப் பாதுகாக்கிற ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, அந்தக் காட்டுயிர் எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலேயே இருக்கிறது. நீண்ட கையுள்ள சட்டை, நீளக் காற்சட்டை போட்டுவிடுங்கள், டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரத்திலும்தான் கூடக் கடிக்கும்.

பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய துண்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். பொலிசுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள். வெளிக்கிட முன் வீட்டிலேயே ஒன்றுக்குப் போகவைக்க வேண்டும். நடுவில் தேவைப்பட்டால் பம்பலப்பிட்டியில் மஜெஸ்டிக் சிட்டி இருக்கிறது.

திரும்புகிற நேரத்தைப் பிள்ளை அழத் தொடங்கும் வரை தள்ளிப்போடாதீர்கள். இன்னும் கொஞ்சம் இருப்போம் என்று கேட்கும்போதே கிளம்பினால்தான் அடுத்த தடவை அதுவே சப்பாத்தை எடுத்துக்கொண்டு வரும். வீட்டில் மாமி, இந்த வெயிலில் பிள்ளையை எங்கே இழுத்துக்கொண்டு திரிகிறாய் என்று கேட்டால் அடுத்த கல்கிசை ரயிலுக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் இருக்க இடம் கிடைக்கும், பிள்ளையைப் பிடிக்க இன்னொரு கையும் கிடைக்கும்.