லோ பிரஷரா? முதலில் மூச்சை எண்ணுங்கள்

குறுவை நடவு நேரத்தில் எங்கள் மன்னார்குடிப் பக்கம் இதை அடிக்கடி பார்க்கலாம். காலையிலிருந்து குனிந்தே நட்டவர் கரையேற நிமிர்ந்ததும் கண் இருட்டி வரப்பிலேயே சரிந்துவிடுவார். சுற்றி நிற்பவர்கள் "லோ பிரஷர்தான்" என்று தூக்கி உட்கார வைத்து வாயில் சோடாவை ஊற்றப் பார்ப்பார்கள். என் அம்மாவுக்கு நானும் அதைத்தான் செய்தேன், உட்கார வைத்த நிமிடத்திலேயே மறுபடி மயங்கிவிட்டார். அப்புறம் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மேட்டூரை நினைத்துக்கொள்ளுங்கள். அணையிலிருந்து எவ்வளவு திறக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு, அணைக்கு நீர்வரத்து எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. உடம்பிலும் இரண்டையும் பார்க்க நரம்புகள் இருக்கின்றன. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருப்பவை வெளியே போகும் ரத்தத்தின் அழுத்தத்தைப் பார்க்கும். நுரையீரல் ரத்தக்குழாய்களிலும், அங்கிருந்து ரத்தம் இதயத்துக்குள் வந்து சேரும் இடத்திலும் இருப்பவை ரத்த வரத்து எவ்வளவு என்று பார்க்கும். வேர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் நீர் போனால் முதலில் குறைவது வரத்துதான். குழாய் முன்போல விரியாததால் அந்த நரம்புகள் மூளைத்தண்டுக்கு அனுப்பும் தகவலும் குறையும். உடனே மூளை முறைப்பாசனம் மாதிரி முறை வைக்க ஆரம்பிக்கும்: தோலுக்கும் குடலுக்கும் குறைத்து, சிறுநீரை மிச்சம் பிடித்து, இதயத்துக்கும் தனக்கும் தடையில்லாமல் விட்டுக்கொள்ளும். கை சில்லிட்டுப் போவது இதனால்தான்.

இப்படிச் சமாளிப்பதால் பிரஷர் மிஷின் கொஞ்ச நேரம் நம்மை ஏமாற்றும். ரத்தம் 15 முதல் 30 சதவீதம் வரை போன நிலையிலும் படுத்திருப்பவரின் பிரஷரில் மேல் அளவு (இரண்டு எண்ணில் பெரியது) வழக்கம்போலவே இருக்கலாம், ஆனால் மூச்சு நிமிடத்துக்கு 20ஐத் தாண்டப் பார்க்கும். கழுத்துத் தமனி ஓரமிருக்கும் ஆக்சிஜன் உணரிகளுக்கும் ரத்தம் குறைவதால் அவையும் சேர்ந்து மூச்சைத் துரத்தும். இந்தக் கழுத்து, பெருந்தமனி உணரிகள் மூச்சை எப்படி ஆள்கின்றன என்று கண்டுபிடித்ததற்குத்தான் பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு.

அதனால் எண்ணுங்கள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எண்ணுகிறோம் என்று சொல்லாமல், நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள் (சொன்னால் அவர் மூச்சு தானாகவே மாறிவிடும்). பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. நிழலில் ஐந்து நிமிடம் படுத்த பிறகும் 22க்குக் குறையவில்லை, பேச்சும் குழறுகிறது என்றால் காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

எண்ணிக்கையோடு மூச்சின் விதத்தையும் பாருங்கள், எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. படுக்க வைத்ததும் மூச்சு நிதானப்பட்டு முகம் தெளிந்தால் வரத்துதான் குறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால்தான் தேவலை, மூச்சு மேலோட்டமாக வேகமாக ஓடுகிறது என்றால் அது வேறு கதை. அங்கே நுரையீரலில் நீர் தேங்கியிருக்கலாம். நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டியிருக்கும் நரம்பு முனைகளை 1955இல் விவரித்தவர் நம் நாட்டின் ஏ. எஸ். பெயின்டல், பிற்பாடு டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர். ஜே உணரிகள் என்று அவற்றுக்குப் பெயர். நுண்குழாயைச் சுற்றி நீர் கோத்தால் இவை துடிக்கும். மூச்சு குட்டையாக, வேகமாக மாறும். தூண்டுதல் பலமாக இருந்தால் இதயத் துடிப்பும் பிரஷரும் சேர்ந்து இறங்கும். இதய நோய் உள்ளவருக்கு இப்படி வந்தால் மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், தண்ணீரைக் குடி குடி என்று கொடுக்காதீர்கள். முதுகுக்கு அண்டை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்து 108ஐ அழையுங்கள்.

வரத்துக் குறைவு மட்டும்தான் என்றால் வரப்பு நிழலில் படுக்க வைத்து, காலை ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி நாற்றுக்கட்டின் மேலோ சாக்கின் மேலோ வையுங்கள். காலிலிருக்கும் ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும், மேலே சொன்ன நரம்புகளுக்கு வரத்து கூடிவிட்டது என்று தெரியும். கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நன்றாக நினைவு திரும்பி, தானே விழுங்க முடிந்தால் மட்டும் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கதண்டு (பெரிய குளவி) கொட்டிய பிறகு மயக்கமும் மூச்சிழுப்பும் சேர்ந்து வந்தால் மேலே சொன்ன எதையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராக 108.

அடிக்கடி கண் இருட்டுகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்: ஐந்து நிமிடம் படுத்தபின் ஒரு முறை, எழுந்து நின்று ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் ஒவ்வொரு முறை பிரஷர் எடுக்க வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறவர் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வயலில் நிமிரும்போது சட்டென்று நிமிராமல், முழங்காலில் கை ஊன்றி, ஆடுசதையை இறுக்கி விட்டு இறுக்கி, இரண்டு மூச்சு ஆழமாக இழுத்துவிட்டு எழுந்திருங்கள். ஆழமாக இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து கீழிருந்து ரத்தம் மேலே இழுக்கப்படும்.

108 வந்ததும் எத்தனை மணிக்கு விழுந்தார், மூச்சு எத்தனை, படுத்தால் தேவலையா உட்கார்ந்தால் தேவலையா, இந்த மூன்றையும் சொல்லுங்கள்.