பேஸ் கிடாரின் உறுமல் அடங்கியது

எண்பதுகளின் திரைப்பாடல்களை அப்படியே மேடையேற்றும் எங்கள் ஈரோட்டுக் குழுவில், நான் வாசிக்கும் ‘ஜாஸ் பேஸ்’ என்னும் வகைத் தாழ்சுருதிக் கிடார் திருமண மண்டபங்களில் மட்டும் விடாமல் உறுமியது. பல நாள்களைத் தின்ற அந்தத் தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. கேபிளை மாற்றியும், வேறு ஆம்ப்ளிஃபயரை வாடகைக்கு எடுத்தும் பயனில்லை. கோபிசெட்டிபாளையத்து மேடையொன்றில், விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டியை நோக்கி நின்றால் கூடிய உறுமல், கால்வட்டம் திரும்பியதும் ஏறக்குறைய அடங்கியது. தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்பின் கம்பிச் சுருளே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலை வாங்குகிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது.

இவ்வகைக் கிடாரின் இரு பிக்கப்களும் பெரும்பாலும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் மாறியிருப்பதால், இரண்டு வால்யூம் குமிழ்களும் சமமாக இருக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒன்றைச் சற்றே குறைத்தாலும் திரும்பிவிடுகிறது. இப்போது இரண்டையும் முழுதாகத் திறந்துவைத்து, பழைய பதிவுகளின் அந்த மூக்கொலியை ஆம்ப்ளிஃபயரில் இடைநிலை அதிர்வெண்களுக்கான மிட் குமிழில் எடுத்துக்கொள்கிறேன்.