மனுஷன் கறி திங்கப் பொறந்தவனா? இந்தச் சண்டையில சொல்லக்கூடாத சில பாயின்ட்டுங்க

எங்க ஃபேமிலி குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவை இது கிளம்பிரும். சித்தப்பா "அப்ப கோரைப்பல் எதுக்குய்யா இருக்கு"ம்பாரு, பெரியம்மா உடனே "நம்ம குடல் நீளம், அதனால நாம சைவம்தான்"ங்கற ஃபார்வர்டை எடுத்துப் போடுவாங்க, ரெண்டுமே தப்பு.

பல்லை விட்ருங்க முதல்ல. கொரில்லாவுக்கு நம்மளவிட பயங்கரமான கோரைப்பல்லு, ஆனா தின்றது இலை தழை, நீர்யானையும் அப்படித்தான், அது முக்கால்வாசி புல்லு. பல்லு சண்டைக்கும் மிரட்டுறதுக்கும் கூட வளரும்ங்க.

குடல் மேட்டர் கொஞ்சம் சுவாரசியம். சிங்கத்துக்கு உடம்பு நீளத்துல 3 மடங்கு, மனுஷனுக்கு 12 மடங்குனு சுத்துது இல்ல, அதுல ஒரு தில்லுமுல்லு இருக்கு. நம்ம குடல் சுமார் 7, 8 மீட்டர். உயரத்தால வகுத்தா 5 மடங்கு கூட வராது, தலையையும் காலையும் கழிச்சுட்டு வெறும் முண்டத்தை மட்டும் அளந்தாத்தான் 12 கிட்ட வரும். நீளத்தைவிட எந்தப் பகுதி பெருசுங்கறதுதான் பாக்கணும். சிம்பன்சி, கொரில்லாவுக்கெல்லாம் பெருங்குடல்தான் பெருசு, நார்ச்சத்தைப் புளிக்க வெச்சு சத்து எடுக்கறதுக்கு, கொரில்லா தொப்பை அதனாலதான். நமக்கு சிறுகுடல் பெருசு, அதாவது ஈஸியா செரிக்கிற, சத்து அடர்த்தியான சாப்பாட்டுக்குத் தோதான குடல். அது கறியாவும் இருக்கலாம், வெந்த கிழங்காவும் இருக்கலாம்.

அடுத்து, "ஆட்டைப் பாத்ததும் பாஞ்சு கடிக்கத் தோணுதா, பச்சையா தின்னு பாப்போம்"னு சைவக்கட்சியோட ஒரு சவால். சரி, பச்சை மரவள்ளிக்கிழங்கைத் தின்னு காட்டுங்க, சயனைடு ஏறிரும். ஊறவெச்ச ராஜ்மாவை வேகவைக்காம தின்னா வாந்தி நிச்சயம். நெல்லைப் பாத்து யாருக்குய்யா எச்சில் ஊறுது? நம்ம வயித்துக்குப் பாதி வேலையை கத்தியும் அடுப்பும் வெளியவே முடிச்சிருது. எத்தியோப்பியாவுல கோனாங்கற எடத்துல சுமார் 26 லட்சம் வருஷப் பழைய கல் ஆயுதம் கிடைச்சிருக்கு, அந்தப் பக்கத்துலயே வெட்டுத் தழும்போட மிருக எலும்பும் கிடைச்சிருக்கு. கறியை அறுக்கற பழக்கம் நம்ம இனத்துக்கே முந்தினது.

இதைப் படிச்சுட்டு கறிக்கட்சி ரொம்ப ஆடாதீங்க. பூனை கல்லீரல்லயே வைட்டமின் சி செஞ்சுக்கும், நமக்கு அது முடியாது, பழம் காய் இல்லாட்டி பல் ஈறுல ரத்தம் வரும். மாவுச்சத்தை உடைக்கிற எச்சில் என்சைமுக்கான ஜீன் சிம்பன்சியைவிட நமக்குத்தான் அதிக காப்பி. கொழுப்பே இல்லாத கறியை மட்டும் நாள் கணக்கா தின்னா, புரதத்தை யூரியாவாக்க கல்லீரலால ஒரு அளவுக்கு மேல முடியாது, வயித்தால போகும், ஆளே சுருண்டுருவான், வட அமெரிக்க வேட்டைக்காரங்க இதுக்கு முயல் பட்டினினே பேரு வெச்சிருந்தாங்க.

"இயற்கையா ஒத்துக்கும், அதனால எவ்வளவு வேணா தின்னலாம்"ங்கறதும் ஓட்டை வாதம், 2015ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஏஜென்சி சாசேஜ், பேக்கன் மாதிரி பதப்படுத்தின கறியை புற்றுநோய் உண்டாக்குற பட்டியல்ல சேத்தாச்சு. திருப்பிப் போட்டாலும் அதே ஓட்டைதான். ஒத்துக்கும்ங்கறதால தின்னே ஆகணும்னு இல்ல, உயிரைக் கொல்ல மனசு வரலேன்னா அந்தக் காரணமே போதும், அதுக்கு எதுக்கு குடலை இழுக்கறீங்க பெரியம்மா? பால், முட்டைகூட வேணாம்ங்கறவங்க மட்டும் வைட்டமின் பி12 மாத்திரையை விட்ராதீங்க, அந்த வைட்டமினை பாக்டீரியாதான் செய்யும், செடியில கிடைக்காது.