மும்பைக்கு வந்து முதல் கிரெடிட் கார்டு வாங்குகிறவர்களுக்கு

அக்கா மகன் ஐரோலியில் வேலை கிடைத்து கோவில்பட்டியிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் பர்ஸில் மூன்று கிரெடிட் கார்டு. ஒன்று சம்பளக் கணக்கோடு வந்தது, ஒன்று மால் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுதி வாங்கியது, மூன்றாவது போனில் கூப்பிட்டுக் கொடுத்தது. "மாமா, மூணுமே லைஃப் டைம் ஃப்ரீ" என்றான். ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவனை உட்காரவைத்து, மூன்றுக்கும் வந்த மெயிலைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தோம். ஒன்றில் இரண்டாம் வருடத்திலிருந்து 500 ரூபாய் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 590 ரூபாய் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அந்த 590 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் என் ஸ்கோரை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் எண்ணை, கெடுத்ததும் அதே 590தான்.

அப்போது நான் சயான் கோலிவாடாவில் வாடகைக்கு இருந்தேன். மும்பையில் வாடகை என்றால் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம், வருடா வருடம் பெட்டி கட்டுகிற பிழைப்பு. செம்பூருக்கு மாறினேன், போன் நம்பரையும் மாற்றினேன், ஆனால் பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்த ஒரு கார்டுக்கு மட்டும் புது முகவரியும் நம்பரும் கொடுக்க மறந்துவிட்டேன். அதில் வருடக் கட்டணம் விழுந்திருக்கிறது. கட்டாததற்கு அபராதம், அதற்கு வட்டி, வட்டிக்கு ஜிஎஸ்டி. டோம்பிவிலியில் ஒரு சின்ன ஃப்ளாட் பார்த்து வீட்டுக்கடனுக்குப் போனபோதுதான் எல்லாம் தெரிந்தது. பத்து வருடமாக ஒரு நாள்கூடப் பிந்தாமல் மற்ற கடனையெல்லாம் கட்டியவன், நான்காயிரத்துச் சொச்சத்துக்காகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கடன் கிடைக்கவில்லை, அந்த ஃப்ளாட்டும் கைவிட்டுப் போனது.

அதனால் சொல்கிறேன், ஸ்கோரைக் கெடுப்பது எப்போதும் பெரிய கடன் இல்லை. கவனிக்காமல் விட்ட சின்னத் தொகையே போதும்.

முதலில் இரண்டு தேதிகள்

கார்டு கைக்கு வந்ததும் எவ்வளவு லிமிட், எந்த ஏர்போர்ட் லவுஞ்சில் இலவசம் என்று பார்ப்பதற்கு முன்னால், ஸ்டேட்மென்ட் (அந்த மாதச் செலவுக் கணக்கு) போடும் தேதி எது, பணம் கட்டக் கடைசித் தேதி எது என்று பாருங்கள். உதாரணத்துக்கு ஸ்டேட்மென்ட் மாதா மாதம் 5ஆம் தேதி, கட்ட வேண்டியது 25ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 6ஆம் தேதி 40,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினால் அது ஜூலை 5 ஸ்டேட்மென்டில் வரும், ஜூலை 25க்குள் முழுசாகக் கட்டினால் 49 நாள் ஒரு பைசா வட்டி இல்லை. அதே ஃப்ரிட்ஜை ஜூலை 4ஆம் தேதி வாங்கியிருந்தால் 21 நாள்தான். பெரிய பொருள் வாங்குவதை ஸ்டேட்மென்ட் போட்ட மறுநாளுக்குத் தள்ளிப்போடுவது நல்ல பழக்கம்.

இப்போது அந்த 40,000ஐ முழுசாகக் கட்டாமல், ஸ்டேட்மென்டில் 'மினிமம் டியூ' என்று போட்டிருப்பதை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அது பெரும்பாலும் 5 சதவீதம் அளவில் இருக்கும், அதாவது 2,000 ரூபாய். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வையுங்கள், பல கார்டுகளில் இதுதான் அளவு. வட்டி ஜூலை 25லிருந்து தொடங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை, முழுசாகக் கட்டாவிட்டால் பொருள் வாங்கிய ஜூன் 6லிருந்தே எண்ணுவார்கள். 49 நாளுக்கு 40,000 மேல் சுமார் 2,255 ரூபாய், அப்புறம் ஆகஸ்ட் 5 வரை மீதி 38,000 மேல் சுமார் 481. இரண்டுக்கும் ஜிஎஸ்டி கிட்டத்தட்ட 492. ஆக 3,228 ரூபாய். 2,000 கட்டிய பிறகும் கடன் 41,228. இதற்கு நடுவில் நீங்கள் வாங்கும் காய்கறிக்கும் பெட்ரோலுக்கும்கூட வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

ஊர்ப்பக்கம் வட்டியைச் சொல்கிற மாதிரி சொன்னால் இது மூன்றரை ரூபாய் வட்டி. யாராவது தெருவில் வந்து மூன்றரை ரூபாய் வட்டிக்குத் தருகிறேன் என்றால் நாம் யோசிப்போமா இல்லையா?

அதனால் மினிமம் கட்டினால் அபராதம் விழாது, ஸ்கோரில் 'பிந்திவிட்டார்' என்று வராது, அவ்வளவுதான் அதன் பயன். வட்டி அப்படியே ஓடும். ஆட்டோ டெபிட் போடும்போது மினிமமா, முழுத் தொகையா என்று கேட்கும், முழுத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோ டெபிட் போட்டுவிட்டேன் என்று தூங்கிவிடவும் கூடாது, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் அதற்கு வேறு கட்டணம். வேறு ஆப் வழியாகக் கட்டினால் கார்டில் வரவு வைக்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம், எனவே மூன்று நாள் முன்பே கட்டிவிடுவது என் வழக்கம். கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் அபராதம் போடவும் பிந்தியதாகப் பதியவும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதை ஆபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மாதா மாதம் அதை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்று, சம்பளம் 1ஆம் தேதி வந்து கட்ட வேண்டியது 25ஆம் தேதி என்றால் அதற்குள் வாடகை, பிள்ளை ஃபீஸ், ஊருக்கு அனுப்பியது எல்லாம் போய்க் கை காய்ந்திருக்கும். பில் சுழற்சியை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை நமக்கு உண்டு, குறைந்தது ஒரு முறையாவது மாற்றித்தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே சொல்கிறது. கட்டும் தேதி 5, 6 வாக்கில் வருமாறு கேட்டு வாங்குங்கள். அக்கா மகன் அன்றைக்கே ஆப்பில் விண்ணப்பம் போட்டான்.

ஸ்கோர் என்ன பார்க்கிறது

சிபில் ஸ்கோர் என்று நாம் சொல்வது 300லிருந்து 900 வரை போகும் ஓர் எண். 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக முகம் சுளிப்பதில்லை. சிபில் மட்டும் இல்லை, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் சம்பளம் எவ்வளவு, பேங்கில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, ஊரில் எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் ஸ்கோரில் வராது. வாங்கிய கடனைத் தேதிக்குக் கட்டினீர்களா என்பதுதான் பெரிய விஷயம். ரிப்போர்ட்டில் மாதா மாதம் ஒரு கட்டம், எத்தனை நாள் பிந்தியது என்று எண்ணோடு. மூன்று வருடக் கட்டங்கள் வரிசையாகத் தெரியும்.

அடுத்தது, லிமிட்டில் எவ்வளவு தின்றீர்கள் என்பது. இதில்தான் ஒழுங்காகக் கட்டுகிறவர்களும் ஏமாந்துபோகிறார்கள். ஒரு லட்சம் லிமிட் உள்ள கார்டில் 80,000 செலவழித்து முழுசாகத் தேதிக்குக் கட்டியும் ஸ்கோர் ஏன் இறங்குகிறது என்று என் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். நீங்கள் கட்டுவதற்கு முன்பே, ஸ்டேட்மென்டில் இருந்த 80,000 பாக்கியாகப் போய்ப் பதிவாகியிருக்கும். 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று சொல்வார்கள், நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். ஒரு மாதம் தீபாவளிச் செலவு, ஊருக்குப் போகும் டிக்கெட் என்று கூடிவிட்டால் ஸ்டேட்மென்ட் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே பாதியைக் கட்டிவிடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் இந்தத் தகவலைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டதால் நல்லதும் கெட்டதும் முன்னைவிடச் சீக்கிரம் ரிப்போர்ட்டில் ஏறுகிறது. கையைக் கட்டுப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் லிமிட்டைக் கூட்டித் தருகிறேன் என்று வங்கி சொல்லும்போது சரி சொல்லலாம், அதே செலவுக்கு விகிதம் குறையும். நம்பிக்கை இல்லையென்றால் மறுத்துவிடுங்கள், உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் கூட்டக் கூடாது.

ஒரே மாதத்தில் நாலு இடத்தில் கார்டுக்கு விண்ணப்பித்தால் நாலு விசாரணை பதியும், இவர் பணத்துக்கு அலைகிறார் என்று தோன்றும். நம் ஸ்கோரை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, அந்தப் பயம் வேண்டாம். இதுவரை கடனே வாங்காதவருக்கு ஸ்கோரே இருக்காது. அவர்கள் ஒரு சின்ன எஃப்டி (வங்கியில் நிரந்தர வைப்பு) போட்டு அதன் மேல் கார்டு வாங்கிக்கொண்டு, மாதம் மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி முழுசாகக் கட்டிவந்தால் மெல்ல உருவாகும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பத்திரமான தொடக்கம் இல்லை.

கை வைக்கக் கூடாத இடங்கள்

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். எடுத்த அன்றிலிருந்தே வட்டி, மேலே கட்டணம். கடைக்காரரிடம் கார்டைத் தேய்த்துக் கமிஷன் போகப் பணமாக வாங்கி, இன்னொரு கார்டின் பாக்கியைக் கட்டும் வித்தையும் இங்கே நிறைய நடக்கிறது. அது கார்டு ஒப்பந்தத்துக்கே விரோதம், ஒவ்வொரு சுற்றிலும் கமிஷன் போய்க்கொண்டே இருக்கும், கடன் மட்டும் குறையாது.

நண்பருக்காக உங்கள் கார்டைத் தேய்ப்பது. "ஆஃபர் இருக்கு, நீ தேய்ச்சுடு, நான் ஜிபே பண்ணிடறேன்" என்பார்கள். அவர் பிந்தினால் உங்கள் கட்டத்தில்தான் எண் விழும். பணம் முதலில் வந்தால் தேய்க்கலாம், இல்லையென்றால் மன்னித்துக்கொள் என்று சொல்லிவிடுவது நட்புக்கும் நல்லது.

தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு நண்பர் ஜிப், நூல், லைனிங் துணி எல்லாம் கார்டில் வாங்குவார். கடைக்காரர்கள் அவருக்குப் பணம் தருவது 60, 70 நாள் கழித்து. கார்டு தருவது அதிகபட்சம் 50 நாள் சொச்சம். இந்த இருபது நாள் இடைவெளியில்தான் அவருக்கு வருடம் முழுக்க வட்டி போய்க்கொண்டிருந்தது, லாபம் எங்கே போகிறதென்று அவருக்கே தெரியவில்லை. வரவு வரும் நாளையும் கட்டும் நாளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு, பெரிய சரக்குக்கு மட்டும் வங்கியில் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன் வசதி) வாங்கிக்கொண்டார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள். கார்டைப் பயன்படுத்துவதை அன்றே நிறுத்துங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து அந்தப் பணத்தில் கார்டை அடைத்துவிடுவது நல்லது, வங்கி நகைக்கடன் ஒரு ரூபாய் வட்டிக்குள்ளோ அதை ஒட்டியோ கிடைக்கும், மூன்றரை ரூபாய் எங்கே அது எங்கே. நகை இல்லையென்றால் பாக்கியை இஎம்ஐயாக மாற்றித்தரக் கேளுங்கள், வட்டி குறையும்.

அந்த நான்காயிரத்துச் சொச்சத்துக்காக என்னைக் கூப்பிட்ட வசூல்காரர், "பாதி கட்டுங்க, மீதியைத் தள்ளிடறோம்" என்றார். நல்லவேளை, ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிக் கட்டினால் ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும், அடுத்த வங்கிக்கு அதன் அர்த்தம் முழுசாகத் தராதவர் என்பதுதான். வேறு வழியே இல்லாதவருக்கு அது ஒரு வழி, அவர்களைக் குறை சொல்லமாட்டேன். முடிந்தவர்கள் முழுசாகக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி, பத்திரமாக வையுங்கள்.

வேண்டாத கார்டை வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடாது. எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், பிந்தினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. அக்கா மகன் கடைசியாக வாங்கிய இரண்டையும் மூடச் சொல்லிவிட்டான், சம்பளக் கணக்குக் கார்டு மட்டும் இருக்கிறது. பழைய கார்டு ஒன்று கட்டணமில்லாமல் இருந்தால் அதை மூடாதீர்கள், நீண்ட வரலாறு ஸ்கோருக்கு நல்லது.

வீடு மாறினால் கேஸ் கனெக்‌ஷனுக்கு முன்னால் கார்டு முகவரியை மாற்றுங்கள்.

நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் கண் வைத்தது போல ஆகும். உங்களுடையது இல்லாத கடன், மூடிய பிறகும் திறந்திருப்பதாகக் காட்டும் கார்டு, தப்பான பான் எண் எல்லாம் வரும். உடனே அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் போடுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் இல்லை. எப்படிப் போடுவது என்று 14448க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், அங்கே தமிழிலும் பேசலாம்.