சைலன்சரில் கருப்பு எண்ணெய் வழிகிறதா? எஞ்சினை இறக்கும் முன்

பெங்களூரில் சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் லேஅவுட்களுக்குத் தண்ணீர் அடிக்கிற பழைய டிராக்டர்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சைலன்சர் வாய் ஈரமாக இருக்கும், பானெட் மேல் கருப்புப் புள்ளி தெறித்திருக்கும், மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் குழாய்) இணைப்பில் தார் மாதிரி ஏதோ வழிந்து காய்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் காட்டினால் பாதிப் பேர் எட்ட நின்றபடியே "ரிங் போயிடுச்சுண்ணா, எஞ்சினை இறக்கிடலாம்" என்பார்கள். பிஸ்டனைச் சுற்றி ஆயிலும் வாயுவும் கசியாமல் தடுக்கிற அந்த ரிங் போயிருக்கலாம்தான், ஆனால் அதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

வழிவது எஞ்சின் ஆயில்தான் என்று எடுத்த எடுப்பில் நம்புவது முதல் தவறு. முழுசாக எரியாத டீசல் கரியோடு கலந்து வெளியே வந்தாலும் அச்சு அசல் பழைய ஆயில் மாதிரியே இருக்கும். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை தூக்கலாக அடித்து, கை வழவழப்பு அதிகமில்லாமல் தண்ணியாக இருந்தால் சந்தேகத்தை டீசலைப் பீய்ச்சுகிற நாசில் பக்கம் திருப்பலாம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

அடுத்தது, வண்டி என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. தண்ணீர் வண்டி டேங்கை இழுத்துக்கொண்டு பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் ஏதாவது ஒரு அபார்ட்மென்ட் வாசலில் நின்று பி.டி.ஓ.வில் (எஞ்சின் சக்தியை வெளிக் கருவிக்குக் கொடுக்கிற தண்டு) பம்ப்பை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும். 35 குதிரைசக்தி எஞ்சினுக்கு அது ஒரு வேலையே இல்லை. சிலிண்டர் சரியாகச் சூடேறாது, டீசல் முழுசாக எரியாமல் கொஞ்சம் அப்படியே வெளியே போகும். லைனரோடு, அதாவது சிலிண்டரின் உள் உறையோடு, ரிங்கை அழுத்திப் பிடிப்பது பெரும்பாலும் எரிகிற வாயுவின் அழுத்தம்தான், லோடு இல்லாதபோது அந்த அழுத்தமும் குறைவு என்பதால் கீழிருந்து ஆயிலும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். ஆக நல்ல எஞ்சினே சும்மா நின்று ஓடினால் சைலன்சரில் வழியத்தான் செய்யும். எஞ்சின் சூட்டை ஒரே அளவில் வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு "இப்ப எஞ்சின் கூலா இருக்கு" என்று பெருமைப்படுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். 80 டிகிரியை ஒட்டி ஓட வேண்டிய எஞ்சின் பெங்களூர் மார்கழிக் காலையில் கடைசி வரை சூடே ஏறாமல் ஓடும், வழிவது இன்னும் கூடும்.

அதனால் செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். நன்றாகச் சூடேறின பிறகு ஒரு மணி நேரம் முழு லோடில் வேலை வாங்குங்கள், ஆனேக்கல் பக்கம் நிலம் இருந்தால் ரோட்டவேட்டர் போட்டு ஓட்டலாம். தேங்கினது எரியும்போது புகை கொட்டும், தீப்பொறியும் பறக்கலாம், வைக்கோல் போர் பக்கமே போகாதீர்கள். அதற்குப் பிறகு சைலன்சர் காய்ந்து கிடந்தால் எஞ்சினில் கை வைக்க வேண்டியதே இல்லை.

காயவில்லை என்றால் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கைத் தினமும் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். அளவு இறங்கினால் ஆயில் எங்கோ எரிகிறது அல்லது ஒழுகுகிறது. அளவு ஏறினால்தான் பயப்பட வேண்டும், டீசலை டேங்கிலிருந்து இழுக்கிற ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தோ நாசில் ஒழுகியோ டீசல் ஆயிலில் இறங்கியிருக்கலாம். அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும்.

அடுத்து மேனிஃபோல்டைக் கழற்றுங்கள். இதை ஏன் பலரும் செய்வதில்லை என்று புரியவில்லை, மூன்று சிலிண்டர் வண்டியில் பெரிய வேலையே கிடையாது. ஒரே ஒரு போர்ட் (சிலிண்டரின் புகை வெளியேறும் துளை) மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் நாசிலையோ வால்வு ஏறி இறங்கும் கைடையோ ரிங்கையோ பார்த்தால் போதும். மூன்றும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் டீசல் பீய்ச்சும் டைமிங், தெர்மோஸ்டாட், ஏர் கிளீனர் என்று எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் தேடுங்கள். ஆயிலில் தூசியைப் பிடிக்கிற ஆயில் பாத் ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேலே ஊற்றிவிட்டால் அந்த ஆயிலையே எஞ்சின் உறிஞ்சும். ரொம்ப மீறினால் ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காமல் வேகம் எகிறும், அது ஆபத்து.

நாசிலை டெஸ்ட் மெஷினில் போட்டுப் பார்க்கும்போது பீய்ச்சுகிற இடத்தில் கையைக் காட்டாதீர்கள், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். திரும்ப மாட்டும்போது பழைய காப்பர் வாஷர் மேலேயே புதுசை வைப்பதும் வேண்டாம்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து புகை வருவதைப் பார்த்துப் பதறுகிறவர்களும் நிறைய. பழைய டீசல் எஞ்சினில் கொஞ்சம் வருவது சகஜம். எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறுகிற பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சூடான பிறகும் குபுகுபுவென்று தள்ளினால் மட்டும் ரிங், லைனர் பேச்சை எடுக்கலாம்.

அப்படி வேலை செய்தே ஆக வேண்டியிருந்தால், உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டில் ரிங், லைனர் கிட் வாங்கி மாட்டின பிறகு "புது எஞ்சின், மெதுவாப் பழகட்டும்" என்று நாள் கணக்கில் ஐடிலிங்கில் விடாதீர்கள். லைனர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போய் ரிங் உட்காராது, காசு கொடுத்து வாங்கின புது ரிங்கோடு மறுபடியும் அதே கருப்பு எண்ணெய் வழியும். சூடேறினதும் மிதமான லோடு கொடுத்து, போகப்போகக் கூட்டுங்கள்.