மூலிகை அறிவியலை இணையத்தில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவர மருந்துகளின் அறிவியலைப் படிக்க இன்றைக்குக் கல்லூரி வாசலை மிதித்தே ஆக வேண்டும் என்றில்லை. மத்திய அரசின் ஆதரவில் நடக்கும் ஸ்வயம், என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளங்களில் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஆய்வுக் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. தாவரவியல் முடித்தவர்கள், பார்மசி மாணவர்கள், சித்த மருத்துவம் படிப்பவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே ஆர்வத்தில் படிப்பவர்கள் என்று பலரும் இதில் இறங்குகிறார்கள். ஆனால் அவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒரு தகவல் கண்ணில் பட்டதும் எந்தச் செடி, அதில் எந்தப் பகுதி, எதில் ஊறவைத்து எடுத்தது, எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்காமலேயே அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள்.

செடியின் பெயரிலிருந்தே சிக்கல் தொடங்கிவிடும். நமக்கெல்லாம் தெரிந்த கீழாநெல்லியையே பாருங்கள். பழைய இந்தியக் கட்டுரைகள் பலவற்றில் அதன் அறிவியல் பெயர் பில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வரப்போரத்தில் முளைப்பது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ். அதோடு பிராட்டெர்னஸ், டெபிலிஸ், யூரினேரியா என்ற நெருங்கிய உறவுச் செடிகளும் கலந்து நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அமாரஸின் பூவில் ஐந்து இதழ், பிராட்டெர்னஸில் ஆறு. யூரினேரியாவின் தண்டு சிவந்திருக்கும், காய் சொரசொரப்பாக இருக்கும். காய்ந்து பொடியான பிறகு இதையெல்லாம் எங்கே பார்ப்பது? அமாரஸில் நிறைய இருக்கும் பில்லாந்தின் என்ற சேர்மம் மற்றவற்றில் அந்த அளவுக்கு இருப்பதில்லை. ஆக, ஒரு கூடையில் வந்த கீழாநெல்லி வேலை செய்ததையும் இன்னொரு கூடையில் வந்தது வேலை செய்யாததையும் வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

தேடும்போதும் இதே தொல்லைதான். பப்மெட்டில் நிரூரி என்று மட்டும் போட்டால், பிரேசிலில் சிறுநீரகக் கல்லுக்காகச் செய்த ஆய்வுகளும் இந்தியாவில் கல்லீரலுக்காகச் செய்த பழைய ஆய்வுகளும் ஒன்றாகக் கலந்து வரும். இரண்டும் ஒரே செடி என்று நினைத்துக் குறிப்பெடுத்தால் கதை முடிந்தது. தேடுவதற்கு முன்னால் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பதிவேட்டில் அந்தச் செடியின் இன்றைய பெயரையும் பழைய பெயர்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லாப் பெயரிலும் தனித்தனியாகத் தேடுங்கள். கட்டுரையைத் திறந்ததும் செய்முறைப் பகுதிக்குப் போய், செடியை அடையாளம் காட்டியது யார், உலர்த்திய மாதிரியை எந்த ஹெர்பேரியத்தில், அதாவது உலர் தாவரக் காப்பகத்தில், எந்த எண்ணில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டுக் கட்டுரை என்றால் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் அல்லது கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் பெயர் அடிக்கடி வரும். அந்த வரியே இல்லாத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

பெயர் குழப்பம் ஆளையே சாய்த்த கதையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில், உடல் எடையைக் குறைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் சேர்க்க வேண்டியது ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகை. சீனச் சந்தையில் அதற்கும் பெயர் ஃபாங் ஜி, அரிஸ்டோலோகியா ஃபாங்சி என்ற இன்னொரு செடியின் வேரும் ஒரு வகை ஃபாங் ஜி. வந்து சேர்ந்தது இரண்டாவது வேர். 1993இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இந்தச் செய்தி வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல் என்று பிறகு தெரிந்தது. பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்றால், நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோகியா இனம்தான். அதிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 'தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், இயற்கைதானே, ஒன்றும் ஆகாது' என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. சாப்பிட்ட அன்றே வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மரபு அதைக் கண்டுபிடித்துவிடும், எச்சரித்தும் வைக்கும். பல வருடம் கழித்து வரும் சிறுநீரகக் கோளாறை எந்த இலையோடு யார் முடிச்சுப் போட்டிருப்பார்கள்? மரபின் மேல் மரியாதை இருக்கட்டும். அது எதைப் பார்க்க முடிந்தது, எதைப் பார்க்க வாய்ப்பே இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மரபை அலட்சியமாகத் தாண்டிப் போவதும் தவறுதான். சீன விஞ்ஞானி டூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, ஆர்டிமிசியா அன்னுவா செடியிலிருந்து இறக்கிய சாறு ஒரு முறை வேலை செய்யும், இன்னொரு முறை செய்யாது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் மருத்துவக் குறிப்பில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு எடுத்துப் பார்த்தார், பலன் நிலைத்தது. 1972இல் ஆர்டிமிசினின் தனியாகப் பிரிக்கப்பட்டது, 2015இல் நோபல் பரிசு வந்தது. இந்தக் கதையை எல்லாப் பாடத்திலும் சொல்கிறார்கள். ஆனால் நம் மாணவர்கள் கஷாயமாகக் குடிக்கச் சொன்ன செடியை மெத்தனால் என்ற ஆல்கஹாலில் போட்டு, சாற்றை இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, பாரம்பரியப் பயன்பாடு நிரூபணமானது என்று முடிவுரை எழுதுகிறார்கள். தண்ணீரில் இறங்குவது ஒன்று, மெத்தனாலில் இறங்குவது வேறொன்று. நோயாளி குடித்தது முதலாவதைத்தான்.

அளவு விஷயத்தில் மஞ்சளை விடச் சிறந்த பாடம் கிடையாது. மஞ்சள் தூளில் குர்குமின் என்ற நிறப் பொருள் எடையில் சில சதவீதம்தான். சோதனைத் தட்டில் செல்களின் மேல் பத்து, இருபது மைக்ரோமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) அளவில் ஊற்றினால் குர்குமின் எதைத்தான் செய்யவில்லை! வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் ஒரு மைக்ரோமோலாரைக் கூட எட்டுவதில்லை. 1998இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகில் உள்ள பொருள், சேர்த்துக் கொடுத்தபோது உடலில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. இந்த எண்ணைப் போட்டுத்தான் பாதி விளம்பரங்கள் ஓடுகின்றன. எதிலிருந்து 2000 சதவீதம் என்று கேளுங்கள். குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் அது அளக்கவே முடியாத அளவிலோ மிகக் குறைவாகவோதான் இருந்தது. போதாக்குறைக்கு, குர்குமினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது நிறமுள்ளது, ஒளிர்வது, கண்ட புரதத்தோடும் வினை புரிவது. அதனால் பல சோதனைகளில் வேலை செய்வதுபோலப் பொய்யாகக் காட்டும். மருந்து வேதியியலாளர்கள் 2017இல் இதையெல்லாம் தொகுத்து எழுதிவிட்டார்கள். மஞ்சள் பற்றிப் படிக்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய கட்டுரை அது, கடைசியில் படிப்பதும் அதுதான்.

யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு மறுபடியும் கீழாநெல்லிக்கே வருவோம். 1988இல் லான்செட்டில் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் அமாரஸ் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. படித்தால் யாருக்கும் புல்லரிக்கும். இணையத்தில் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் பின்னர் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, போலி மருந்தைவிட மேல் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று சொன்னது. 1988 ஆய்வே தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொல்லிக்கொண்டது. ஒரு கட்டுரையைப் படித்தால் அதை மேற்கோள் காட்டிய அடுத்தடுத்த கட்டுரைகளையும் பார்த்துவிட்டுத்தான் குறிப்பெழுத வேண்டும். பப்மெட்டிலும் கூகுள் ஸ்காலரிலும் அதற்கு ஒரு சொடுக்குதான் செலவு.

'எங்கள் ஊரில் கீழாநெல்லி கொடுத்து எத்தனை பேருக்குக் காமாலை இறங்கியது தெரியுமா' என்பார்கள். இறங்கியிருக்கும். நம்மூரில் மழைக்காலத்தில் தண்ணீர் மூலம் பரவும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போயிருக்கும். ஒப்பிட ஒரு குழு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரி, புராஜெக்ட் செய்பவர்கள் பக்கம் வருவோம். இலையை அரைத்து, எத்தனாலில் ஊறவைத்து, ஜிசி-எம்எஸ் (சாற்றை ஆவியாக்கிப் பிரித்து, அதிலுள்ள சேர்மங்களை அடையாளம் காட்டும் கருவி) எடுக்கக் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். எந்தச் செடியைக் கொடுத்தாலும் அதில் ஃபைட்டால், ஹெக்ஸாடெகனாயிக் அமிலம், ஸ்குவாலீன் மூன்றும் வருகை தராமல் இருக்காது. பச்சை இலை என்றால் இவை இருக்கத்தான் செய்யும். இவற்றை வைத்து 'இந்தச் செடியின் மருத்துவக் குணத்துக்குக் காரணம்' என்று எழுதுவது வீண். அந்தக் கருவி ஆவியாகக் கூடியதை மட்டுமே காட்டும். மருந்துக் குணத்துக்குக் காரணமாக இருக்கக்கூடிய கிளைகோசைடு, சப்போனின், டானின் எல்லாம் அதில் ஏறவே ஏறாது. இன்னும் கொடுமை, பட்டியலில் தாலேட் என்று முடியும் பெயர்கள் வரும். பெரும்பாலும் அவை பிளாஸ்டிக் குழாயிலிருந்தும் மூடியிலிருந்தும் கரைந்து வந்தவை. அவற்றுக்கும் 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று எதிரே எழுதிய அட்டவணைகள் அச்சில் ஏராளம். கணினி சொல்லும் பெயர், நூலகத்தில் உள்ள நிறமாலையோடு ஒத்துப்போவதைத்தான் குறிக்கிறது. அந்தச் சேர்மமேதான் என்று உறுதி சொல்ல, தூய மாதிரியை வாங்கி ஓட்டி ஒப்பிட வேண்டும்.

அந்தப் பட்டியலை அப்படியே டாக்கிங்கில், அதாவது ஒரு சேர்மம் ஒரு புரதத்தில் எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று கணினியில் கணித்து மதிப்பெண் போடும் மென்பொருளில், போடுவதுதான் அடுத்த படி. 2020இல் கொரோனா வைரஸின் புரதத்தோடு சமையலறையில் இருந்த எல்லாமே போய் ஒட்டியது நினைவிருக்கலாம். மூலக்கூறு பெரிதாக இருந்தாலே மதிப்பெண் கூடும் என்பது அந்த மென்பொருள்களின் தெரிந்த பலவீனம். குறைந்தபட்சம், புரதத்தின் படிக அமைப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மூலக்கூறை எடுத்துவிட்டுத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். அது பழைய இடத்துக்கே வரவில்லை என்றால் மற்ற எண்களைப் பேசிப் பயனில்லை. எந்தச் செடியின் எந்தப் பகுதியில் எந்தச் சேர்மம் என்று பார்க்க, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் உருவான இம்பாட் தரவுத்தளம் இலவசம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் செடிகள் அதில் இருக்கின்றன. அதுவும் புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் இருந்து திரட்டியதுதான், ஆகவே முக்கியமான வரிகளுக்கு மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சான்றிதழ் பற்றி ஒன்றிரண்டு. கரிம வேதியியல் தெரியாமல் நேராக மூலிகைப் பாடத்தில் குதிக்காதீர்கள், இரண்டாம் வாரமே மூச்சு முட்டும். பார்மசியும் மருத்துவமும் முழுக்க இணையவழிப் பட்டமாக நடத்த இந்தியாவில் அனுமதி இல்லை. அப்படி விற்பவர்களிடம் பணத்தைக் கட்டாதீர்கள். இணையச் சான்றிதழை மாட்டி வைத்து நோயாளி பார்ப்பது சட்டப்படியே தவறு.

போர்டு மாட்டாவிட்டாலும் ஆள் வருவார்கள். மூலிகை படிக்கிறாள் என்று தெரிந்ததும் பெரியம்மா போன் போட்டு, இருமலுக்கு அதிமதுரம் தினமும் சாப்பிடலாமா என்பார். உடனே பதில் சொல்லாதீர்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின், உப்பையும் நீரையும் உடலில் தேக்கி ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அவர் ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் போடுகிறவராக இருந்தால், அந்த மாத்திரைகளை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.